புதுப்பிப்பு: ஏழு குஞ்சில் எத்தனை சேவல்?

ஏற்காடு அடிவாரத்தில் இருந்து ஏழு சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளின் படம் போட்டு, எது சேவல், எது பெட்டை என்று கேட்டிருந்தேனே, அதன் முடிவு இது. இப்போது பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. மூன்று சேவல், நான்கு பெட்டை.

இறக்கையை விரித்துப் பார்த்து, இறகு ஒரே நீளமாக இருந்தால் சேவல் என்று பலர் சொன்னீர்கள். அப்படிப் பார்த்து நான் ஐந்து சேவல் என்று எழுதி வைத்திருந்தேன்! அப்புறம்தான் புரிந்தது: அதற்கென்றே சேர்க்கை பார்த்து உருவாக்கிய பண்ணை ரகங்களில், அதுவும் பொரித்த ஓரிரு நாளுக்குள் பார்த்தால்தான் அது சரியாக வரும். நம் நாட்டுக்கோழிக்கு எடுபடாது. அம்மாயி நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தார். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆறாவது வாரத்தில் இரண்டுக்குக் கொண்டை தடித்துச் சிவந்தது. அவை சேவல் என்பதில் சந்தேகமே இல்லை. மூன்றாவதுதான் ஏமாற்றியது, கொண்டை வெளிறி, சாதுவாகவே திரிந்தது. காட்டிக்கொடுத்தது முதுகு. வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால், இரு பக்கமும் மெலிந்து நீண்ட, நுனி கூரான பளபளப்பு இறகுகள் பத்தாவது வாரத்தில் எட்டிப்பார்த்தன. பெட்டைக்கு அதே இடத்தில் நுனி உருண்டையாகவே இருக்கும். சேவலுக்குக் கழுத்து இறகும் அப்படித்தான் கூராகும்.

நேற்று விடியற்காலை அந்த மூன்றாவதே கூவிவிட்டது, தொண்டை கட்டிய குரலில். அதற்கு "ராணி" என்று பெயர் வைத்திருந்த என் மகளுக்குத்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.