விசைப்படகில் கியர் பம்பு ஓடுகிறது, டீசல் ஏறவில்லை: உதவி தேவை

நாகைப்படகு: வணக்கம். அடித்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு டீசல் ஏற்றும் மின்சார கியர் பம்பு (பல் சக்கரங்கள் சுழன்று எண்ணெயைத் தள்ளும் பம்பு) சத்தமாக ஓடுகிறது, ஆனால் ஒரு சொட்டுகூட வரவில்லை. சென்ற வாரம் இதே பம்பால்தான் இன்ஜினின் பழைய ஆயிலை வெளியே எடுத்தோம். அப்போது ஒரு குறையும் இல்லை. ஜூன் 14-இல் தடைக்காலம் முடிகிறது, மறுநாளே கடலுக்குப் போக வேண்டும். விரைந்து வழி சொல்லுங்கள்.

மின்பணியாளர்: 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? வயரின் தடிமன் என்ன? 1.5 சதுர மி.மீ. செம்பு வயரை 8 மீட்டர் இழுத்திருந்தால் போக வர 16 மீட்டர் ஆகிறது. 15 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 3 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனையில் அளந்து எழுதுங்கள்.

கரைவலை: பம்பு டீசல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது? உறிஞ்சும் ஓஸின் கிளிப் தளர்ந்திருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ஒரு முழம் கண்ணாடி ஓஸை இடையில் மாட்டுங்கள். குமிழிகள் வரிசையாக ஓடினால் காரணம் அதுவே.

மூத்தமெக்கானிக்: தம்பி, கேள்வியிலேயே விடை இருப்பதைக் கவனிக்காமல் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஆயிலை இழுத்த பம்பு டீசலை இழுக்கவில்லை என்றால் பல் சக்கரங்களுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள இடைவெளி தேய்ந்து கூடியிருக்கிறது. கெட்டியான ஆயில் அந்த இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். நீர்த்த டீசல் அதன் வழியே பின்வாங்கிவிடும். ஒரு குவளை சுத்தமான ஆயிலை பம்புக்குள் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். இந்த அடிப்படையை முதலில் படித்துவிட்டுப் பதில் எழுதுவது நல்லது.

மின்பணியாளர்: ஐயா, வோல்ட் குறைந்து சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் டீசல் அவ்வாறே பின்வாங்கும். அளக்காமல் எப்படி முடிவு செய்வது?

கரைவலை: அதைவிட, பழைய ஆயிலுக்கும் டீசலுக்கும் ஒரே பம்பு வைப்பதே தவறு. கரியும் உலோகத் துகளும் டீசலோடு சேர்ந்தால் பில்டர் அடைபடும்.

மூத்தமெக்கானிக்: முப்பது ஆண்டுகளாக ஒரே பம்பைத்தான் வைத்திருக்கிறோம். நடுவே சிறிது டீசல் விட்டுக் கழுவினால் போதும்.

கரைவலை: கழுவினால் கரி போகும், துகள் கிழித்த கோடு போகாது. ஆயிலை எடுத்தபோது சல்லடை இருந்ததா என்று அவரே சொல்லட்டும்.

நாகைப்படகு: சல்லடை இல்லை. ஆயில் ஊற்றியதும் இரண்டு நிமிடம் டீசல் வந்து, பிறகு நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினோம், உள்பக்கம் நகம் தட்டும் ஆழத்தில் வட்டமாகக் கோடுகள் இருக்கின்றன. லேத்துக்கு அனுப்பியுள்ளேன். நன்றி.

மின்பணியாளர்: மகிழ்ச்சி. திரும்பப் பொருத்தும்போது வோல்ட்டையும் அளந்து எழுதுங்கள்.