உத்தரிக்கிற ஸ்தலமும் மார்மன்களின் ஆவிச் சிறையும் ஒன்றுதானா?

குடந்தை மறைக்கல்வி:
கல்லறைத் திருநாளுக்கு இளைஞர் வகுப்புக் குறிப்பு தயாராகிறது. மார்மன் சபையும் (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை) இறந்தவர்களுக்காகச் சடங்கு செய்கிறது, மரணத்துக்குப் பின் ஓர் இடைநிலையைச் சொல்கிறது. அது கத்தோலிக்கரான நம்முடைய உத்தரிக்கிற ஸ்தலமேதானா? பூம்புகாரில் ஆடி அமாவாசைக்குத் திதி கொடுப்பது போல என்று சொல்லிப் புரிய வைக்கலாமா?

பூண்டி வாசகன்:
இல்லைங்க, ஒன்று இல்லை. உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போகிற ஆத்துமா ஏற்கெனவே மீட்படைந்தது. சாவோடு தனித்தீர்வை (ஒவ்வொரு ஆத்துமாவுக்கும் தனியாக நடக்கும் தீர்ப்பு) முடிந்துவிடும். மோட்சமா நரகமா என்பதில் பிறகு மாற்றம் கிடையாது. மோட்சம் உறுதியான ஆத்துமாவில் மிஞ்சியிருக்கும் கறை போகும் இடம்தான் அது. ஃப்ளோரன்ஸ், திரெந்து பொதுச்சங்கங்கள் இதை வரையறுத்தன. வேதத்தில் 2 மக்கபேயர் 12, 1 கொரிந்தியர் 3:15 காட்டுவார்கள்.

மார்மன் போதனையில் மரணத்துக்குப் பின் ஆவி உலகம். நீதிமான்கள் பரதீசில், மற்றவர்கள் ஆவிச் சிறையில். சிறையில் இருப்பவர்களுக்கு அங்கேயே நற்செய்தி அறிவிக்கப்படும். ஏற்பதா மறுப்பதா என்று அப்போதும் முடிவெடுக்கலாம். நம்மிடம் இல்லாதது இந்த இரண்டாம் வாய்ப்புதான். மாணவர்கள் குழம்புவதும் இங்கேதான்.

உயிர்த்தெழுதலுக்குப் பின் அவர்கள் சொல்வது மூன்று மகிமைகள்: சிலஸ்டியல், டெரஸ்ட்ரியல், டெலஸ்டியல். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தும் அவர் தோழர் சிட்னி ரிக்டனும் 1832 பிப்ரவரி 16 அன்று ஒஹாயோவில் கண்டதாகச் சொல்லும் தரிசனம் இதற்கு அடிப்படை. கொலைகாரனும் பொய்யனும்கூட ஆவிச் சிறையில் வெகுகாலம் வேதனைப்பட்டு, கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு அரசாட்சி முடிந்த பின் டெலஸ்டியலுக்குப் போவார்கள். வெளி இருள் என்ற முடிவில்லாத தண்டனை முழு உண்மையை அறிந்தும் மறுதலிக்கும் மிகச் சிலருக்கு மட்டும். ஆகவே நரகம் என்ற ஒரே சொல்லை இரு தரப்புக்கும் எழுதினால் குறிப்பு தப்பாகிவிடும்.

நாகை கடற்கரை:
திதி உவமை வேண்டாம், மார்மன்கள் செய்வது வேறு. இறந்தவருக்கான ஞானஸ்நானத்தில் உயிரோடிருப்பவர் கோயில் தொட்டியில் முழுக்கு வாங்குவார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். 1840இல் தொடங்கிய வழக்கம், 1 கொரிந்தியர் 15:29ஐ ஆதாரமாக வைக்கிறார்கள். முழுக்கு நடந்ததாலேயே அந்த ஆத்துமா மார்மன் ஆகிவிடாது, அங்கே அது சம்மதிக்க வேண்டும். கடந்த 110 ஆண்டுக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவினரின் அனுமதி கேட்க வேண்டும் என்பது சபை விதி.

பெரிய வேறுபாடு திருமணம் என்பேன். நமக்கு அது சாவு பிரிக்கும் வரை. அவர்களுக்குக் கோயிலில் முத்திரிக்கப்பட்ட (சடங்கால் இணைக்கப்பட்ட) தம்பதி நித்தியத்துக்கும் தம்பதி, சிலஸ்டியலின் உச்ச நிலைக்கு அந்த முத்திரை அவசியம். மோட்சத்தில் கடவுளை முகமுகமாய்த் தரிசிப்பது என்று நாம் முடிப்போம். அவர்களோ மனிதர் கடவுளைப் போலவே ஆகலாம் என்பது வரை போவார்கள்.

குடந்தை மறைக்கல்வி:
நன்றி. நவம்பர் 2க்கு நம் பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். பரிபூரண பலனுக்கு (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பலன்) நிபந்தனைகள்?

பூண்டி வாசகன்:
நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவருக்காக வேண்ட வேண்டும். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நன்மை (நற்கருணை) வாங்குதல், திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறைந்த மந்திரம், அற்பப் பாவத்தின் மீதும் பற்றில்லாத மனம். ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான். பாவசங்கீர்த்தனம் ஒன்று பல நாளுக்குப் போதும், நன்மை ஒவ்வொன்றுக்கும் தனி. மாலையும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு நன்மை வாங்காமல் திரும்பினால் பகுதிப் பலன்தான். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

தரங்கை:
கூடுதலாக ஒன்று. லுத்தரன் ஞானஸ்நானத்தை ரோமைத் திருச்சபை ஏற்கிறது. தண்ணீரும் திரித்துவ வாக்கும் இருந்தால் மறுபடி கொடுப்பதில்லை. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கானின் தீர்ப்பு வந்தது. வார்த்தைகள் ஒன்றாக இருந்தாலும் பிதா, சுதன், ஆவி பற்றிய அவர்கள் புரிதல் வேறு என்பதே காரணம். அங்கிருந்து வருபவருக்குப் புதிதாகவே கொடுக்க வேண்டும். வம்சாவளி ஆய்வுக்கு என்று பங்குப் பதிவேடுகளை மொத்தமாகப் படமெடுத்து அந்தச் சபையின் வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2008இல் வத்திக்கான் கடிதம் அனுப்பியிருக்கிறது. இந்தப் பக்கத்துப் பங்குகளில் பழைய ஏடுகள் வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும்.