சித்திரக்கதையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்பினால் அதை வீட்டில் சொல்லியே ஆக வேண்டுமா?

கீறல்கொப்பி (உப்புவெளி)

எல்லாருக்கும் வணக்கம். நான் படம் கீறுகிறவள். தமிழில் ஒரு சித்திரக்கதை தொடங்கியிருக்கிறேன், முழுக்கத் திருமலையில் (திருகோணமலையில்) நடக்கிற கதை. கதாநாயகி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறாள். அப்பா கரைவலை இழுப்பவர், அம்மாவுக்கு நீரிழிவு, தம்பி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கப் போகிறான். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிற பெண் ஒருத்தி திரை உடைந்த போனோடு கடைக்கு வருகிறாள், இவளுக்கு அவளைப் பிடித்துப்போகிறது. அங்கேதான் கதை தொடங்குகிறது.

முதல் அத்தியாயத்தை நம்பிக்கையான சிலருக்குக் காட்டினேன். படம் வடிவாக இருக்கிறது என்றார்கள், கோட்டை வாசலில் மான்கள் படுத்திருக்கிற பக்கம் எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் எல்லாரும் கேட்டது ஒரே விஷயத்தைத்தான். வீட்டில் எப்போது சொல்லுவாள், அப்பா அடிப்பாரா, கடைசியில் இரண்டு பேரில் யார் சாவது? எனக்கு அவளைச் சாகவிட விருப்பமில்லை. சொல்லும் காட்சியைக் கீறவும் இப்போது கை வருகுதில்லை. அவள் வேலைக்குப் போகிறாள், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள், காதலிக்கிறாள், இதுதான் எனக்குத் தெரிந்த கதை. அப்படி எழுதினால் ஊரில் இருக்கிற பயத்தை மறைத்த மாதிரி ஆகிவிடுமா? இதற்கு முன்னால் உலகத்தில் மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் இருந்தாலும் வாசிப்பேன். அப்புறம், சொந்தப் பெயரில் போடலாமா என்பதும் ஒரு யோசனை.

பழைய கொமிக்ஸ் பிரியன் (திருமலை நகர்)

தங்கச்சி, நான் எண்பதுகளில் சிவகாசியில் இருந்து வந்த முத்து, லயன் கொமிக்ஸ்களைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்து வளர்ந்தவன். அந்தக் கதைகளில் இப்படி ஒரு ஆளை நான் கண்டதே இல்லை, அந்த வயதில் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. பிறகுதான் அமெரிக்கப் பக்கத்து வரலாற்றைத் தேடி வாசித்தேன். அங்கே 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார், பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் இருப்பதைக்கூட அதில் சந்தேகப்பட்டிருக்கிறார். செனட் விசாரணையும் நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் அதே வருடம் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை உருவாக்கிக்கொண்டார்கள். ஒருபால் காதலைக் குறிப்பாகக்கூடக் காட்டக்கூடாது என்பது அதில் ஒன்று. 1989இல்தான் அந்த விதி தளர்ந்தது. இடையில் முப்பத்தைந்து வருடம், அதற்குள் எத்தனை தலைமுறைச் சிறுவர்கள் வாசித்து முடித்துவிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்வெலின் நார்த்ஸ்டார் 1979இலேயே வந்த பாத்திரம். உருவாக்கிய ஜோன் பைர்ன் ஆரம்பத்திலேயே அவனை ஆண்களை விரும்புகிறவனாகத்தான் நினைத்திருந்தார், ஆனால் வெளிப்படையாக எழுத முடியவில்லை. 1992இல் ஒரு சண்டைக்கு நடுவே அவன் அதைக் கத்திச் சொல்கிறான். செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின, ஆனால் கதையாக அது எனக்கு ஒட்டவில்லை, ஏனென்றால் சொன்ன பிறகு அவனுக்கு அதைச் சார்ந்து ஒரு வாழ்க்கையை அவர்கள் வெகுகாலம் எழுதவில்லை. 2012இல் கல்யாணம் செய்து வைத்தார்கள், அது வேறு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் லின் ஜோன்ஸ்டன் என்ற கனடியப் பெண்மணி செய்ததைப் பாருங்கள். ‘ஃபோர் பெட்டர் ஓர் ஃபோர் வேர்ஸ்’ என்று தினசரிகளில் வந்த குடும்பக் கதை, 1979இல் தொடங்கியது. அதில் பக்கத்து வீட்டுப் பெடியன் லாரன்ஸ், மூத்த மகனின் கூட்டாளி, சின்னப் பிள்ளையில் இருந்து வாசகர்கள் கண்டு பழகியவன். 1993இல் அவன் தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொல்கிறான், வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறான், கூட்டாளி இரவில் தேடிப்போகிறான். சில பத்திரிகைகள் கதையையே நிறுத்தின, வேறு சில அந்த வாரங்களுக்குப் பழைய துண்டுகளைப் போட்டன. அப்படியிருந்தும் வாசகர்களால் அவனைக் கைவிட முடியவில்லை, அவன் அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகியிருந்தான். ஆகவே உங்கள் பெண்ணை முதலில் ஊருக்குப் பழக்குங்கள். போன் திருத்துகிறவளாக, தம்பியோடு சண்டை பிடிக்கிறவளாக அவளை எல்லாரும் அறியட்டும். சொல்வதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சல்லிக் கரை

நான் உங்கள் கதாநாயகி மாதிரி ஒரு பெண். இந்த ஊர்தான். இங்கே பெயர் வேண்டாம்.

தயவுசெய்து அவளைச் சாகடிக்க வேண்டாம். எங்களைப் பற்றித் தமிழில் கையில் கிடைக்கிற கதைகளில் முக்கால்வாசி யாரோ தூக்கில் தொங்குவதிலோ கடலில் இறங்குவதிலோ முடிகிறது, எழுதியவர்கள் இரக்கத்தோடுதான் எழுதுகிறார்கள், ஆனால் பதினேழு வயதில் அதை வாசிக்கிற பிள்ளைக்கு அந்த இரக்கத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது முப்பது வயதில், நாற்பது வயதில் எப்படி இருக்கலாம் என்பதுதான். யாரோடு சாப்பிடுவேன், வருத்தம் வந்தால் யார் பார்ப்பார்கள், அம்மாவின் செத்தவீட்டில் நான் எங்கே நிற்பேன். இதை ஒருவரும் கீறிக் காட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியர் கெங்கோரோ தாகமே 2014இல் இருந்து 2017 வரை எழுதிய மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), ஆங்கிலத்தில் ‘மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்’ என்று வந்திருக்கிறது, 2018இல் கொமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் கிடைத்தது. யாயிச்சி என்பவர் மனைவியைப் பிரிந்து சின்ன மகளை வளர்க்கிறார். கனடாவில் இறந்துபோன தம்பியின் கணவர், மைக் என்ற பெரிய உடம்புக்காரர், ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறார். பிறகு கதை முழுக்க அந்த வீடுதான். சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், மகள் கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் கேட்கிறாள், யாயிச்சிக்குள்ளே ஓடுகிற வெறுப்பும் வெட்கமும் தனிப் பெட்டிகளில் வந்து போகின்றன. தம்பி உயிரோடு இருந்தபோது நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லையே என்று அந்த மனிதர் உணருகிற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை. ஆனால் பயம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது, அயலவர் என்ன நினைப்பார்கள் என்ற அந்தப் பயம் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிற அதே பயம். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அன்றாடத்தைக் கீறினால் பயம் மறையாது, கதவைச் சாத்துகிற கையிலும் போனைக் கவிழ்த்து வைக்கிற விதத்திலும் அது தானாக வரும்.

இந்தியாவில் அம்ருதா பாட்டீல் 2008இல் செய்த ‘கரி’யையும் தேடிப் பாருங்கள். இரண்டு பெண்கள் மாடியில் இருந்து குதிப்பதில் தொடங்குகிறது, மனம் சரியில்லாத நாளில் திறக்க வேண்டாம். ஆனால் இருவரும் பிழைத்துவிடுகிறார்கள். கரி விளம்பர நிறுவனத்தில் வேலைக்குப் போகிறாள், பெருநகரத்தில் நெரிசலான வீட்டில் மற்றப் பெண்களோடு இருக்கிறாள், கதை அவள் உயிரோடு இருப்பதைப் பற்றியதாக மாறுகிறது.

கன்னியாப் பக்கம்

கோபிக்க வேண்டாம், மனதில் இருப்பதைக் கேட்கிறேன். யுத்தம், காணாமல் போனவர்கள், காணிப் பிரச்சினை என்று எங்கள் மாவட்டத்தில் கீற எவ்வளவோ இருக்கிறது. கைத்திறமை இருக்கிற ஒரு பிள்ளை அதை விட்டுவிட்டு இதை ஏன் எடுக்க வேண்டும்? கொமிக்ஸ் என்றால் சின்னப் பிள்ளைகள்தான் முதலில் தூக்குவார்கள், அதையும் யோசியுங்கள்.

ஸ்கார்பரோவில் இருந்து ஒரு திருமலையான்

கன்னியா அண்ணை, நீங்கள் சொன்ன விஷயங்கள் நடந்த வீடுகளில்தான் இந்தப் பெண்களும் ஆண்களும் இருந்தார்கள். இடம்பெயர்ந்த முகாம்களில் இருந்தார்கள், காணாமல் போனவர்களிலும் இருந்திருப்பார்கள். இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது.

ஹோவர்ட் குரூஸ் என்ற அமெரிக்கர் 1995இல் வெளியிட்ட ‘ஸ்டக் ரப்பர் பேபி’யை வாசித்தால் நான் சொல்வது விளங்கும். அறுபதுகளில் அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், குண்டுவெடிப்பு, கொலை, அதற்கு நடுவில் தன் விருப்பத்தைத் தனக்கே மறைத்துக்கொள்கிற ஒரு வெள்ளை இளைஞன். அநியாயத்துக்கு எதிராக ஊர் எழும்புவதைப் பார்க்கப் பார்க்கத்தான் தான் சொல்கிற பொய் அவனை உறுத்துகிறது. ஒவ்வொரு பெட்டியையும் நுணுக்கமான கோடுகளால் நிரப்பியிருப்பார், அதைச் செய்து முடிக்க அவருக்குப் பல வருடம் பிடித்தது. அதற்கு முன்பே 1980இல் ஒருபால் விருப்பமுள்ள கலைஞர்களைச் சேர்த்து ஒரு தொகுப்பிதழையும் அவர் தொடங்கிவைத்தார், இளையவர்களுக்கு இடம் கிடைத்ததே அதனால்தான். எங்கள் யுத்தத்தைப் பற்றிச் சித்திர நாவல் வந்திருக்கிறது, 2019இல் வந்த ‘வன்னி’யை எல்லாருக்கும் தெரியும். அந்த வரிசையில் இப்படி ஒரு கதையும் வந்தால் எங்கள் வரலாறு இன்னும் முழுசாகும் என்றுதான் நான் நம்புகிறேன்.

பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு வழி அட்டையில் வயதைப் போடுவது, கதையை நிறுத்துவது அல்ல. மகாபாரதச் சித்திரக்கதையில் சிகண்டியைப் பிள்ளைகள் காலங்காலமாக வாசிக்கிறார்கள், மட்டக்களப்புப் பக்கம் கூத்துக் களரியில் ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவதை மடியில் இருந்தே பார்க்கிறார்கள். வேடம் வேறு, மனம் வேறு என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். நான் சொல்ல வருவது பிள்ளைகள் நாம் நினைப்பதை விட நிதானமாகப் பார்ப்பார்கள் என்பதை மட்டும்.

சட்டப் புத்தகம்

பெயர் பற்றிய கேள்விக்கு. எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது, பிரித்தானியர் வைத்துவிட்டுப் போனது. அதில் 365, 365அ ஆகிய பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக்குகின்றன. 1995 திருத்தத்தோடு பெண்களும் 365அவுக்குள் வந்தார்கள். இந்தப் பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, ஆனால் அந்தத் தீர்மானத்தோடு சட்டம் தானாக மாறிவிடாது, பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும். இந்தப் பிரிவுகள் செயலைப் பற்றியவை, காதல் கதை கீறுவதைப் பற்றியவை அல்ல. அம்மணக் காட்சிகள் இருந்தால் ஆபாச வெளியீடுகள் பற்றிய வேறு சட்டம் இருக்கிறது, உங்கள் கதையில் அது இல்லை என்று நினைக்கிறேன்.

சட்டத்தை விட ஊர் வாய்தான் கிட்ட இருக்கிறது. புனைபெயரில் போடுங்கள், அதற்கென்று தனி மின்னஞ்சல் வையுங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் எடுத்த இடமும் அதற்குள் பதிந்திருக்கும், நீக்கிவிட்டு ஏற்றுங்கள். சந்தியைக் கீறலாம், கோட்டையைக் கீறலாம், ஆனால் உண்மையில் இருக்கிற ஒரு கடையின் பெயர்ப்பலகையையோ தெரிந்த ஒருவரின் முகத்தையோ கீற வேண்டாம். உங்களுக்கு வருவதை விடப் பெரிய சிக்கல் அந்தக் கடையில் உண்மையிலேயே வேலை செய்கிற பிள்ளைக்கு வரும்.

அவசரப்பட்டு அச்சிடத் தேவையில்லை. அலிஸ் ஓஸ்மன் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ கதையை 2016இல் இணையத்தில் இலவசமாகப் பக்கம் பக்கமாகப் போட்டுத்தான் தொடங்கினார். முதல் பாகத்தின் அச்சுச் செலவை 2018இல் வாசகர்களே சேர்ந்து கொடுத்தார்கள், நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது 2022இல்.

கீறல்கொப்பி (உப்புவெளி)

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கடை முகப்பை மாற்றிக் கீறிவிட்டேன், அது உடனே செய்ய வேண்டிய வேலை.

கன்னியா அண்ணைக்கு: காணாமல் போன ஒருவர் இந்தக் குடும்பத்திலும் இருக்கிறார், பெரியப்பா. முதல் அத்தியாயத்தில் சுவரில் படமாக மட்டும் வருகிறார், பின்னால் வருவார். நீங்கள் கேட்டதால் அவரைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வரலாம் என்று தோன்றுகிறது.

அடுத்த அத்தியாயத்தை வாடைக்காலத்தில் வைக்கப் போகிறேன். கடல் கொந்தளிப்பதால் அப்பாவுக்குத் தொழில் இல்லை, நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார், வலையைப் பொத்திக்கொண்டு. நிலாவெளிப் பெண் அம்மாவின் மருந்தை வாங்கிக்கொண்டு மழையில் வருகிறாள். அப்பா பார்க்கிறார், ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பிறகு அவளுக்கும் சேர்த்துச் சோறு போடச் சொல்கிறார். அவருக்கு விளங்கிவிட்டதா இல்லையா என்பதை நான் சொல்லப் போவதில்லை. சொல்லும் காட்சி இந்த அத்தியாயத்தில் இல்லை, கதையில் எங்காவது வந்தால் அவளுக்குத் தேவைப்பட்டு வரட்டும். முடிவைப் பற்றித் தீர்மானித்துவிட்டேன்: இருவரும் இருப்பார்கள்.

இனி ஒரு தொழில் சந்தேகம். பேச்சுக் குமிழிக்குள் தமிழ் அடங்க மாட்டேன் என்கிறது, ஒரு சொல்லே பெட்டியில் பாதியை எடுக்கிறது. எழுத்துருவைச் சின்னதாக்கினால் போனில் வாசிக்க முடியவில்லை. கையால் எழுதினால் கொஞ்சம் நெருக்கலாம் போல இருக்கிறது, அப்படிச் செய்த அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். சல்லி அக்கா, இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் உங்களுக்குத் தனியாக அனுப்பலாமா? அந்த வீட்டுக் காட்சி சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டுவேன்.