டிபிக்கு மட்டும் ஏன் இன்னும் ஒரு சரியான ரத்த டெஸ்ட் இல்ல? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வைகைக்காரி:

வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. எங்க அப்பாவுக்கு தை மாசம் நுரையீரல் டிபினு தெரிஞ்சுது. ஜிஎச்ல சளி எடுத்து சிபிநாட் (கிருமியோட டிஎன்ஏவ மெஷின்ல தேடற டெஸ்ட்) பண்ணி மறுநாளே ரிசல்ட் சொல்லி மாத்திரையும் ஆரம்பிச்சுட்டாங்க, இப்ப நல்லா தேறிட்டாரு. கவலை எல்லாம் எங்க அண்ணன் பொண்ண பத்தி. நாலு வயசு, தாத்தா மடிய விட்டு இறங்காத புள்ள. மூணு வாரமா இருமல், சாயங்காலம் ஆனா உடம்பு லேசா சுடுது, தீபாவளிக்கு எடுத்த கவுன் இப்ப தோள்ல நிக்காம வழுக்குது. சளிய துப்புடா தங்கம்னு கிண்ணத்த நீட்டினா அவளுக்குத் துப்பத் தெரியல, முழுங்கிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கறா.

ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து டிபி கோல்டு டெஸ்ட் பண்ணாங்க, பாசிட்டிவ்னு வந்துச்சு, உடனே ஆறு மாச மருந்து போட்டுடலாம்னாங்க. ஜிஎச் குழந்தைங்க டாக்டர் அதே ரிப்போர்ட்ட பாத்துட்டு இத வச்சு நோய் இருக்குனு சொல்ல முடியாதும்மா, வெறும் வயித்துல மூக்கு வழியா குழாய் விட்டு வயித்துல இருக்கற தண்ணிய எடுத்துப் பாக்கணும்னு சொல்லிட்டாரு. அண்ணி அதக் கேட்டதுல இருந்து சோறு தண்ணி இல்லாம இருக்காங்க.

என் கேள்வி இதுதான். டெங்கு, எச்ஐவி, மஞ்சக்காமாலை எல்லாத்தையும் ரத்தத்துலயே சொல்லிடறாங்க. டிபி கிருமிய ராபர்ட் கோக் 1882லயே கண்டுபிடிச்சுட்டாரு. இவ்ளோ வருசம் ஆகியும் ஒரு ஊசி ரத்தத்துல இருக்கு, இல்லனு சொல்ற டெஸ்ட் ஏன் வரல? அந்த டிபி கோல்டு பாசிட்டிவ்க்கு என்னதான் அர்த்தம்?

மூணாவது ஷிப்ட்:

அக்கா, நான் லேப் டெக்னீஷியன், அந்த டெஸ்ட்ட தினமும் போடறவன், அதனால அதுல என்ன நடக்குதுன்னே சொல்றேன். ரத்தத்த நாலு டியூப்ல எடுப்போம், ஒவ்வொண்ணுலயும் 1 மில்லி, மூடி கலர் சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா. பச்சையிலயும் மஞ்சள்லயும் உள் சுவர்ல டிபி கிருமியோட புரதத் துணுக்கு பூசியிருக்கும், ஈசாட்-6, சிஎஃப்பி-10னு பேரு. எடுத்த உடனே ஒவ்வொரு டியூபையும் பத்து தடவ மேலயும் கீழயும் ஆட்டணும், ரொம்ப வேகமா ஆட்டினாலும் ரிசல்ட் கெட்டுடும், ஆட்டாம விட்டாலும் கெட்டுடும். அப்புறம் 37 டிகிரில 16 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் இன்குபேட்டர்ல வைப்போம். அந்தப் புரதத்த ஏற்கனவே பாத்துப் பழகின வெள்ளை அணுக்கள் ரத்தத்துல இருந்தா அதுங்க இன்டர்ஃபெரான் காமானு ஒரு பொருள சுரக்கும், மறுநாள் அது எவ்ளோ சுரந்திருக்குனு அளப்போம். புரதம் எதுவும் பூசாத சாம்பல் மூடி டியூப்ல உள்ளத கழிச்சு 0.35 யூனிட்ட தாண்டினா பாசிட்டிவ் பக்கம் போகும்.

ஆக நாங்க அளக்கறது கிருமிய இல்ல. உங்க பாப்பாவோட உடம்பு அந்தக் கிருமிய எப்பவோ சந்திச்சிருக்கானு மட்டும்தான் பாக்கறோம். கிருமி உள்ள தூங்கிட்டு இருந்தாலும் பாசிட்டிவ், நோயா மாறியிருந்தாலும் பாசிட்டிவ், மருந்து சாப்ட்டு குணமானவங்களுக்குக்கூட பாசிட்டிவா வரலாம். தாத்தா மடியிலயே இருந்த புள்ளைக்கு பாசிட்டிவ் வந்ததுல ஆச்சரியமே இல்ல. அதே மாதிரி நெகட்டிவ் வந்திருந்தாலும் நோய் இல்லனு நிம்மதியா இருக்க முடியாது, ரொம்ப மெலிஞ்ச புள்ளைங்களுக்கு அந்த அணுக்களே சோந்து போயி சுரக்காம விட்டுடும். ஒரு நல்லது, பிசிஜி தடுப்பூசியில அந்த ரெண்டு புரதமும் கிடையாது, அதனால கைத்தோல்ல போட்டு வீக்கத்த அளக்கற மாண்டூ ஊசி மாதிரி பிசிஜியால தப்பா பாசிட்டிவ் காட்டாது. ஜிஎச் டாக்டர் சொன்னது சரிக்கா.

தஞ்சாவூரான்:

உங்க கேள்விக்கு எங்க வீட்டுக் கதையவே பதிலா சொல்றேன். 2009ல எங்க அம்மாவுக்கு கழுத்துல நெல்லிக்கா சைஸுக்கு நெறிகட்டி. ஒரு பிரைவேட் லேப்ல டிபி ஐஜிஜி, ஐஜிஎம்னு, கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்கற ஆண்டிபாடிய தேடற ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, அப்ப ஊருக்கு ஊரு அதுதான் ஓடிட்டு இருந்துச்சு. நெகட்டிவ்னு வந்துச்சு, டிபி இல்லம்மா சந்தோசமா போங்கனு அனுப்பிட்டாங்க. நாங்களும் நம்பி விட்டுட்டோம். அஞ்சு மாசம் கழிச்சு கட்டி உடைஞ்சு சீழ் வடிய ஆரம்பிச்சப்பறம்தான் வேற ஒரு டாக்டர் சதைய கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி டிபினு சொன்னாரு. அம்மா பொழைச்சுக்கிட்டாங்க, ஆனா கழுத்துல அந்தத் தழும்பு இருக்கு, போட்டோ எடுக்கறப்ப எல்லாம் முந்தானைய இழுத்து மூடிப்பாங்க.

அப்பறமா தேடிப் படிச்சதுல தெரிஞ்சது, அந்த ஆண்டிபாடி டெஸ்ட் எதுவுமே நம்பற மாதிரி இல்லனு 2011 ஜூலைல உலக சுகாதார நிறுவனமே இத யூஸ் பண்ணாதீங்கனு வெளிப்படையா சொல்லுச்சு. டிபிக்கு ஒரு டெஸ்ட்ட வேணாம்னு அவங்க சொன்னது அதுதான் முதல் தடவ. இந்தியால மட்டும் வருசத்துக்கு சுமார் 15 லட்சம் டெஸ்ட் நடந்துட்டு இருந்ததா அப்ப கணக்கு சொன்னாங்க. 2012 ஜூன்ல மத்திய அரசு அந்த கிட்டுகளோட தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாத்துக்கும் தடை போட்டுச்சு. தடை போட்டு இவ்ளோ வருசம் ஆகியும் யாராச்சும் டிபி ஐஜிஎம் எடுக்கலாம்னு சொன்னா தயவுசெஞ்சு எழுந்து வந்துடுங்க. புது ரத்த டெஸ்ட் வேணும்னு கேக்கறது நியாயம்தான், ஆனா அரைகுறை டெஸ்ட் வர்றதுக்கு வராமலே இருக்கலாம்னு பட்ட வலில சொல்றேன்.

கரிமூட்டம்:

நான் நோயெதிர்ப்பு சம்பந்தமா ஆராய்ச்சி பண்ற மாணவி, ராம்நாடு பக்கம். வைகைக்காரி அக்கா கேட்ட "ஏன்"க்கு எங்க ஊர் விஷயத்த வச்சே சொல்லலாம்னு பாக்கறேன், என் பேரே அதான்.

சீமைக்கருவேலத்த வெட்டி அடுக்கி மேல மண்ணு பூசி கரிமூட்டம் போடுவாங்க பாத்திருப்பீங்க. வெளிய மண்ணுமேடுதான் தெரியும், உள்ள நாள் கணக்கா கனிஞ்சுட்டு கிடக்கும். எங்கயாவது மண்ணு வெடிச்சு காத்து போச்சுன்னா குப்புனு பத்திக்கும். டிபியும் அப்படித்தான். நம்ம உடம்பு கிருமிய நுரையீரல்ல ஒரு மூலையில சுத்தி சுவரு கட்டி அடைச்சு வச்சிடும். 2019ல இருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய கணக்கெடுப்புல 15 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் உடம்புக்குள்ள இந்த மாதிரி தொற்று இருக்கறதா தெரிஞ்சுது. இவங்கள்ல ரொம்பப் பேருக்கு வாழ்நாள் முழுக்க நோயே வராது. டெங்குனா வைரஸ் ரத்தத்துலயே ஓடும், டிபி கிருமி சதைக்குள்ள உக்காந்திருக்கும், ரத்தத்துக்கு வர்றது ரொம்ப ரொம்பக் கம்மி. அதனால நமக்கு வேண்டியது மூட்டம் இருக்கா இல்லையானு சொல்ற டெஸ்ட் இல்ல, மண்ணு வெடிச்சிருச்சானு சொல்ற டெஸ்ட். அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க.

இதுக்கு ஒரு வழி 2010ல கிடைச்சுது. லண்டன்ல ஆன் ஓகாரா குழு டிபி நோயாளிங்க ரத்தத்துல எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுனு பாத்தாங்க, 393 ஆர்என்ஏ (ஜீன் வேலை செய்யறப்ப உருவாகற நகல்) அளவுகள் சேந்து ஒரு தனி கையெழுத்து மாதிரி தெரிஞ்சுது, தொற்று மட்டும் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கையெழுத்து இல்ல, மருந்து சாப்பிட சாப்பிட அது மறைஞ்சும் போச்சு. இது பெரிய விஷயம். ஆனா 393 எல்லாம் ஆஸ்பத்திரியில அளக்க முடியுமா, அதனால சுருக்கிட்டே வந்தாங்க. 2016ல தென்னாப்பிரிக்கா பள்ளிக்கூடப் பசங்க ரத்தத்துல 16 ஜீன் வச்சு யாருக்கு பின்னாடி நோய் வரப் போகுதுனு ஓரளவு முன்னாடியே சொல்ல முடிஞ்சுது. அதே வருசம் ஸ்டான்ஃபோர்டுல மூணே மூணு ஜீன் போதும்னு காட்டினாங்க. அந்த மூணையும் சிபிநாட் மெஷின்லயே ஓடற ஒரு கார்ட்ரிட்ஜ்ல அடைச்சு, விரல் நுனி ரத்தத்துல ஒரு மணி நேரத்துக்குள்ள ரிசல்ட் வர்ற மாதிரி செஞ்சு பல நாடுகள்ல சோதிச்சுப் பாத்துட்டு இருக்காங்க.

அப்பறம் என்ன பிரச்சனைனா, அந்த ஜீன்கள்ல நெறைய இன்டர்ஃபெரான் சம்பந்தப்பட்டது, சாதாரண வைரஸ் காய்ச்சல் வந்தாலே அதுங்களும் முழிச்சுக்கும். புகை தெரியுது, ஆனா வெடிச்ச மூட்டமா பக்கத்து வயல்ல சருகு கொளுத்தறாங்களானு தெரியல. கணக்கா பாருங்க. முதல்ல வடிகட்டறதுக்கு மட்டும் ஒரு டெஸ்ட்னா நோய் உள்ள 100 பேர்ல 90 பேர பிடிக்கணும், நோய் இல்லாத 100 பேர்ல 70 பேர இல்லனு விடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2014ல ஒரு குறைஞ்சபட்ச அளவு வச்சுது. இருமலோட வர்ற 1000 பேர்ல 50 பேருக்கு நிஜமாவே டிபினு வைங்க. 45 பேர பிடிச்சிடும், 5 பேர் தப்பிடுவாங்க, நோயே இல்லாத 285 பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். 670 பேர அடுத்த டெஸ்ட் வேணாம்னு வீட்டுக்கு அனுப்பலாம், அந்த வகையில பெரிய உபயோகம். ஆனா இந்த ஒரு ரிசல்ட்ட வச்சு யாருக்கும் ஆறு மாச மருந்து எழுத முடியாது.

தென்னாப்பிரிக்காலயே இன்னொண்ணு பண்ணாங்க, 11 ஜீன் டெஸ்ட்ல பாசிட்டிவ் ஆனவங்களுக்கு மூணு மாசம் தடுப்பு மருந்து குடுத்துப் பாத்தாங்க, அதனால நோய் வர்றது குறையல. படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல. நான் அதிகமா நம்பறது வேற பாதைய. கிருமி சாகறப்ப அதோட டிஎன்ஏ துணுக்கு கொஞ்சமா ரத்தத்துல கரையும், அத பெருக்கி, குறிப்பிட்ட டிஎன்ஏவ அடையாளம் காட்டற கிரிஸ்பர் முறைல பிடிக்கறது. 2022ல குழந்தைங்க ரத்தத்துலயும் எச்ஐவி உள்ளவங்க ரத்தத்துலயும் அமெரிக்கால ஒரு குழு இத செஞ்சு காட்டுச்சு. புகைய பாக்காம நெருப்பையே பாக்கற மாதிரி. இன்னும் நம்ம ஊர் லேபுக்கு வர்ற நிலைமைல இல்ல, அதுதான் வருத்தம்.

களப்பணி அக்கா:

நான் டிபி யூனிட்ல பதினோரு வருசமா வேலை பாக்கறேன்மா. ஆராய்ச்சி எல்லாம் தம்பி தங்கச்சிங்க அழகா சொல்லிட்டாங்க, நான் நாளைக்கு என்ன பண்ணணும்னு சொல்றேன். அந்தக் குழாய்க்கு அண்ணிய பயப்பட வேணாம்னு சொல்லுங்க. புள்ள ராத்திரி முழுக்க முழுங்கின சளி விடியக்காலைல வயித்துல தேங்கி இருக்கும், அதத்தான் எடுக்கறாங்க. அதனால ராத்திரிக்கு மேல ஒண்ணும் குடுக்கக்கூடாது, எழுந்ததும் பாலு கீலு குடுத்துட்டா எல்லாம் வீண். குழாய் மெல்லிசா இருக்கும், ரெண்டு நிமிசம் அழுவா, அவ்ளோதான். ஒரு தடவைல கிடைக்கலனா அடுத்த நாளும் எடுப்பாங்க, சலிச்சுக்காதீங்க. மலத்துலயும் சிபிநாட் பாக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, உங்க ஆஸ்பத்திரில பண்றாங்களானு கேட்டுப் பாருங்க.

ஒருவேளை நோய் இல்லனு முடிவானாலும் சும்மா விட்டுடாதீங்க. வீட்ல டிபி இருந்து அஞ்சு வயசுக்குக் கீழ புள்ள இருந்தா தடுப்பு மருந்து கண்டிப்பா குடுக்கணும், அரசாங்கத்துல இலவசம். அண்ணன், அண்ணி, நீங்க எல்லாரும் எக்ஸ்ரே எடுத்துட்டீங்களா?

வைகைக்காரி:

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடறேன். எக்ஸ்ரே எங்க எல்லாருக்கும் எடுத்தாச்சு அக்கா, சுத்தமா இருக்கு. பாப்பாவுக்கு முதல் நாள் எடுத்ததுல ஒண்ணும் வரல, ரெண்டாம் நாள் எடுத்ததுல சிபிநாட்ல கிருமி தெரிஞ்சிடுச்சு. ரிஃபாம்பிசின்ங்கற முக்கியமான டிபி மருந்துக்குக் கேக்கற வகைதானாம், அதக் கேட்டதும்தான் அண்ணன் உக்காந்தாரு. மாத்திரை நேத்து ஆரம்பிச்சாச்சு, தண்ணில கரையற மாத்திரை, எடை பாத்து எண்ணிக் குடுத்தாங்க, பழ வாசனை அடிக்குது, ஜூஸுனு நெனச்சு குடிச்சிட்டா.

இன்னொரு விஷயம் கேக்கணும். புது ரத்த டெஸ்ட் ஆராய்ச்சிக்குனு வார்டுல ஒருத்தங்க வந்து பாப்பாகிட்ட 2 மில்லி ரத்தம் எடுத்துக்கலாமானு கேட்டாங்க, தமிழ்ல எழுதின நாலு பக்கத் தாள் ஒண்ணும் குடுத்தாங்க. அண்ணி இன்னும் கையெழுத்து போடல. குடுக்கலாமா?

கரிமூட்டம்:

அக்கா, தாள முழுசா படிச்சுட்டு, புரியாதத அவங்ககிட்டயே திருப்பிக் கேளுங்க, வேணாம்னு சொன்னாலும் பாப்பாவோட வைத்தியத்துல ஒரு குறையும் வைக்கக்கூடாது, இடையில வேணாம்னு தோணினாலும் விலகிக்கலாம், அது உங்க உரிமை. ஆனா ஒண்ணு சொல்றேன், புது டெஸ்ட் வேலை செய்யுதான்னு பாக்கணும்னா நோய் நிச்சயமா இருக்குனு தெரிஞ்ச குழந்தையோட ரத்தம் வேணும். குழந்தைங்கள்ல கிருமிய கண்ணால பாத்து உறுதி பண்றதே அபூர்வம், ரொம்பப் பேருக்கு அறிகுறியும் எக்ஸ்ரேவும் வச்சுத்தான் மருந்தே ஆரம்பிக்கறாங்க. அதனால உங்க பாப்பா ரத்தம் அவங்களுக்குக் கிடைக்கறது கஷ்டமான ஒண்ணு. பக்கத்து கட்டில்ல சாதா இருமலோட படுத்திருக்கற புள்ள ரத்தமும் அதே அளவு வேணும், அது இல்லாமதான் முன்னாடி நெறைய டெஸ்ட் ஏமாத்துச்சு.

வைகைக்காரி:

அண்ணிகிட்ட இத அப்படியே வாசிச்சுக் காட்டினேன். பக்கத்து கட்டில் அம்மாவும் கேட்டுட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் இன்னிக்கு காலைல கையெழுத்து போட்டாங்க.