பாண்டில ஆத்தோரமா பொண்ணோட ஈஸியா ஒரு சைக்கிள் ரவுண்டு போக எந்தப் பக்கம் நல்லா இருக்கும்?

முதலியார்பேட்டை_அம்மா:
வணக்கம். ஸ்கூல் முடிச்ச அப்பறம் சைக்கிளையே தொடாம இருந்து இப்பதான் மறுபடி ஓட்டறேன், வலது முட்டில கொஞ்சம் வலி இருக்கு, டாக்டரே சைக்கிள் ஓட்டுங்கன்னு சொன்னாரு. பொண்ணுக்கு ஒன்பது வயசு, இருபது இன்ச் வண்டி, தெருவுக்குள்ள நல்லா ஓட்டுவா. போன வாரம் கடலூர் ரோட்டுல கூட்டிட்டுப் போனேன், ஒரு பஸ் ஒட்டி வந்து ஹாரன் அடிச்சதுல பயந்துபோய் மண்ணுல இறங்கி விழுந்துட்டா, அடி ஒண்ணும் இல்ல ஆனா அன்னைலேர்ந்து ரோடுன்னாலே வேணாம்மாங்கறா. தம்பி சிங்கப்பூர்ல இருக்கான், அங்க கால்வாய் ஓரமாவே மரத்தடில நடக்கறதுக்கும் சைக்கிளுக்கும் தனி பாதை போட்டிருக்காங்க, வீடியோ கால்ல காட்டுவான். நமக்கும் ஆறு இருக்கு வாய்க்கால் இருக்கு, அந்த மாதிரி மேடு இல்லாம, லாரி இல்லாம, ஆறேழு கிலோமீட்டர்ல முடியற மாதிரி ஒரு வழி இருந்தா சொல்லுங்க.

லாஸ்பேட்டை_பெடல்:
மேடம், முதல்ல பாப்பாவுக்கு பயம் தெளியணும், அதுக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஒயிட் டவுன்தான். பெரிய வாய்க்காலுக்கு கிழக்க இருக்கற தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கும், ஆறு மணிக்கு ஆளே இருக்காது, பாரதி பூங்காவச் சுத்தி நாலு ரவுண்டு அடிச்சாலே போதும். பீச் ரோட்ல சாயங்காலம் 6 மணிலேர்ந்து காலைல 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, ஆனா அங்க வாக்கிங் கூட்டம் ஜாஸ்தி, சின்னப் பசங்கள அதுக்குள்ள ஓட்ட விடாதீங்க, இறங்கி தள்ளிட்டுப் போங்க. அந்த வாய்க்கால் ஓரமாவே போகலாமேன்னு தோணும், தண்ணி இருக்கற நிலமைல அதச் சொல்ல எனக்கு மனசு வரல.
ஊசுட்டேரியும் இருக்கு, 2008லேயே சரணாலயமா அறிவிச்சது, மழை முடிஞ்சு போனா பறவை நிறைய வரும், ஆனா சைக்கிள்ல பாப்பாவுக்கு தூரம்.

பழைய_அட்லஸ்:
நீங்க கேக்கறது அப்படியே அரியாங்குப்பத்துல இருக்கும்மா. சங்கராபரணி ஆறுதான் கீழ வந்து ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு சுண்ணாம்பாறா போகுது, இன்னொண்ணு அரியாங்குப்பத்தாறு, அந்த ஆத்தங்கரைலதான் அரிக்கமேடு. ஆனா வீட்டுலேர்ந்து சைக்கிள்லயே கிளம்பாதீங்க, முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பத்துப் பாலம் வரைக்கும் அதே கடலூர் ரோடுதான், பஸ்ஸும் லாரியும் ஒட்டித்தான் வரும். ரெண்டு சைக்கிளையும் ஒரு குட்டி யானைல ஏத்தி அரியாங்குப்பத்துல இறக்குங்க, அங்கேர்ந்து வீராம்பட்டினம் ரோட்ல திரும்பினா காக்காயன்தோப்பு, உள்ள போனா அரிக்கமேடு, அப்பறம் நேரா வீராம்பட்டினம் கடற்கரை. வட்டம்னு சொல்ல முடியாது, போன வழியேதான் திரும்பணும், மொத்தம் ஆறேழு கிலோமீட்டர் வரும், மேடே கிடையாது.
அரிக்கமேடு 1945ல வீலர்ங்கற தொல்லியல் ஆராய்ச்சிக்காரர் தோண்டிப் பாத்த இடம், ரோம்லேர்ந்து கப்பல்ல வந்த ஒயின் ஜாடி ஓடு, இங்கயே செஞ்ச பாசிமணி எல்லாம் கிடைச்சுது. இப்ப போனா மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஒரு பழைய செங்கல் கட்டடம் மிச்சம் நிக்கும், அவ்வளவுதான். ஆனா ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி கப்பல் வந்த ஆறு இதுதான்னு பாப்பாகிட்ட அங்க நின்னு சொல்லிப் பாருங்க. மழைக்கு அப்பறம் மண்ணுல மணி தெரியும், எடுக்க விடாதீங்க, பாதுகாக்கப்பட்ட இடம், கிடந்த இடத்துலயே கிடக்கட்டும்.
காலைல தரைக்காத்து, கடலப் பாத்து போகும்போது முதுகுல தள்ளும், சுகமா இருக்கும், திரும்பும்போது எதிர்ல வரும், அதனால போகும்போதே கால் ஓயற அளவுக்கு மிதிச்சிடாதீங்க. ஆடி அஞ்சாம் வெள்ளி வீராம்பட்டினத்துல செங்கழுநீர் அம்மன் தேர், அன்னிக்கு மட்டும் சைக்கிள் வேணாம், சாமி கும்பிடப் போங்க.
முட்டி வலிக்கு ஒண்ணு. சீட்டு தாழ்வா இருந்தா முட்டி போயிடும். பெடல் அடில இருக்கும்போது குதிகால வெச்சுப் பாருங்க, கால் நேரா நீளணும், இல்லன்னா சீட்ட ஏத்துங்க.

மஞ்சக்குப்பம்_ரைடர்:
கடலூர் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தா மஞ்சக்குப்பத்துலேர்ந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வரைக்கும் ஓட்டிப் பாருங்க அக்கா, சமமான ரோடு. சாயங்காலம் பீச்சுக்கு வர்ற கூட்டம் ஏறிடும், காலைலயே போயிடுங்க.

முதலியார்பேட்டை_அம்மா:
அட்லஸ் ஐயா, ரொம்ப நன்றி, நேத்து போயிட்டு வந்தோம்! சீட்ட ரெண்டு விரக்கடை ஏத்தினேன், முட்டி வலியே தெரியல. ஆத்துல தண்ணி வத்தியிருந்துது, சேத்துல பூரா சின்னச் சின்ன ஓட்டை, ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஒரு குட்டி நண்டு, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெருசு, அதத் தூக்கித் தூக்கி ஆட்டுது. பொண்ணு சைக்கிளப் போட்டுட்டு குத்துக்கால் வெச்சு உக்காந்தவ அரை மணி நேரம் எழுந்திரிக்கல. பக்கத்துலயே பிளாஸ்டிக் கவர் குவியல், அந்த நண்டு கவருக்கு அடில புகுந்து வெளிய வருது, பாக்கவே வயிறு எரிஞ்சுது. ஆத்தங்கரைல குப்பை கொட்டறவங்க ஒரு நாள் வந்து உக்காந்து பாக்கணும்.
திரும்பி வரும்போது அவ பின் டயர் பஞ்சர், தள்ளிட்டே வந்தோம். கடைல ஒட்டிக் குடுத்தாங்க, இன்னிக்குக் காலைல பாத்தா மறுபடி காத்து இல்ல. டியூப் மாத்தணுமா?

பழைய_அட்லஸ்:
டியூப் மாத்தாதீங்கம்மா, சீமைக்கருவேல முள்ளு டயருக்குள்ளயே ஒடிஞ்சு நிக்குது, புது டியூப் போட்டா அதையும் குத்தும். டயரக் கழட்டி உள்பக்கமா ஒரு பழைய துணிய மெதுவா ஓட்டுங்க, விரல வெச்சுத் தேடாதீங்க கிழிச்சிடும், துணி எங்க மாட்டுதோ அங்க முள்ளு, வெளிப்பக்கத்துலேர்ந்து தெரியவே தெரியாது. குறடால புடுங்கிட்டு பழைய டியூப்பையே ஒட்டுங்க போதும். அப்படியே செயினத் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுடுங்க, உப்புக் காத்து ரெண்டே நாள்ல துரு ஏத்திடும்.