போடியம் கோட்டை: அரணா, ஆடம்பர மாளிகையா?

கேள்வி:
இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், ராதர் ஆற்றங்கரைச் சிற்றூரான போடியத்தில் உள்ள கோட்டையை அண்மையில் பார்த்து வந்தேன். பிரெஞ்சுப் படைகளைத் தடுக்க சர் எட்வர்ட் டாலின்கிரிக் கட்டியது என்கிறார்கள். ஆனால் கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே தள்ளி, இத்தனை அகலமான சாளரங்களோடு ஓர் அரணை யார் கட்டுவார்கள்? வெளிமதில் முழுமையாக நிற்க, உட்புறம் மட்டும் ஏன் இடிந்து கிடக்கிறது?

மறுமொழி 1:
அச்சம் பொய்யன்று. அருகிலுள்ள துறைமுக நகரங்களான ரையை 1377இலும் வின்செல்சியை 1380இலும் பிரெஞ்சுக்காரர் தாக்கினர்; ராதர் ஆற்றில் அன்று படகுகள் உள்நாடுவரை வந்துபோயின. மதிலின் உச்சியில் ஞாயில் (வீரர் மறைந்து நின்று எய்யும் பல்வரிசை போன்ற சுவர்) அமைக்க 1385இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் வழங்கிய அனுமதியும் நாட்டுக் காவலையே காரணமாகச் சொல்கிறது. பழைய பாலம் மேற்குக் கரையிலிருந்து அகழிக்குள் இருந்த எண்கோணத் தீவுக்கு வந்து, அங்கிருந்து வாயிலை நோக்கித் திரும்பியது. இடக்கையில் கேடயம் ஏந்தி வருபவனின் காப்பற்ற வலப்புறம் கோட்டையைப் பார்த்தபடியே இருக்கும்.

மறுமொழி 2:
அந்த அனுமதியே ஒரு கௌரவச் சின்னம் என்பதை நண்பர் மறந்துவிட்டார். கடைசி மகனாகப் பிறந்ததால் தந்தையின் நிலம் கிடைக்காத டாலின்கிரிக், ஆங்கிலேயப் படைத்தலைவர் ராபர்ட் நோல்ஸின் படையில் சேர்ந்து பிரான்சில் பொருள் ஈட்டினார். போடியமோ மனைவி வழியில் வந்த சொத்து. முன்வாயிலின் மேல் தம் குலச் சின்னத்தோடு மனைவி குடும்பத்தின் சின்னத்தையும், பின்வாயிலில் நோல்ஸின் சின்னத்தையும் செதுக்கி வைத்தவர், வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றுதானே நினைத்திருப்பார்? அகழியின் மண்கரையை வெட்டிவிட்டால் நீர் வடிந்துவிடும். அதே அகழிக்குள் கழிவை இறக்கும் கழிப்பறைகள் மட்டும் இருபதுக்கும் மேல்! வசதியாக வாழ எண்ணிய செல்வரின் வீடு இது. திருடரையும் கலகக்காரரையும் தடுக்க அந்த மதில் போதும்.

மறுமொழி 3:
இடிபாட்டுக்குப் பிரெஞ்சுக்காரர் காரணமல்லர். 1640களில் இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற அன்றைய உரிமையாளர், நாடாளுமன்றம் விதித்த தண்டத்தைக் கட்ட 1644இல் கோட்டையை விற்றார். அதன்பின் உட்கட்டடங்கள் பிரிக்கப்பட்டன. 1829இல் ஜான் புல்லர் வாங்கியிராவிட்டால் மதிலும் மிஞ்சியிராது. பின்னர் அதை வாங்கி, அகழியை வற்றவைத்து ஆராய்ந்து, பழுதுபார்த்தவர், இந்தியாவில் 1904ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே கர்சன் பிரபு. 1925இல் அவர் இறந்தபோது, அவரது விருப்பப்படி கோட்டை, பழஞ்சின்னங்களைப் பேணும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் வசம் சென்றது.