போர்னியோ போய் வந்த ஆக்கள் இருக்கிறியளோ?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஆவணியில எங்களுக்குக் கலியாணம். தேன்நிலவுக்குப் போர்னியோத் தீவில, மலேசியாவின்ர சபா மாநிலப் பக்கம் போக ஆசைப்படுறம். கொழும்பு, கோலாலம்பூர், பிறகு சண்டகான்.

செபிலோக்கில ஒராங்குட்டான் பாத்திட்டு, கினபாத்தாங்கான் ஆத்தங்கரையில மூண்டு இரவு நிக்க யோசனை. விடியவும் பொழுதுபடவும் நீள மூக்குக் குரங்குகள் ஆத்தோர மரங்களில வந்து இருக்கும். அதைப் பாக்கத்தான் முக்கியமாப் போறம். ஆனா நான் கட்டப்போறவவுக்குக் குறிகாட்டுவானில நெடுந்தீவுப் படகு ஏறினாலே தலைசுத்து. போனமுறை முழு வழியும் கண்ணை மூடி என்ர கையைப் பிடிச்சபடி இருந்தவ. ஆத்துப் படகும் அப்பிடி ஆட்டுமோ?

4095 மீற்றர் கினபாலு மலையும் ஏற விருப்பம். அனுமதியும் மலைத் தங்குமிடமும் எத்தினை மாதம் முதல் பதியவேணும்? அட்டை கடிக்காமப் போடுற நீளக் காலுறை இஞ்சையே வாங்கலாமோ? போய் வந்த ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.